குறை கூறலும் பிழை காட்டலும்

கந்தபுராணம் காஞ்சிபுரத்துக் குமரகோட்டத்திலே அரங்கேறிய கதையைத் தமிழாசிரியர் யாவரும் அறிவர். கச்சியப்ப சிவாசாரியர் முதற் செய்யுளைப் படித்துப் பொருள் விரிக்கத் தொடங்கியதும், சபையிலிருந்த புலவர் ஒருவர் எழுந்தார். அச்செய்யுளின் தொடக்கத்திலே 'திகழ்' என்பதும் 'தசம்' என்பதும் புணர்ந்துள்ள முறைக்கு இலக்கண விதி யாது என்று வினவினார். விடை கூற இயலாமையின் அரங்கேற்றம் அன்று நின்றது. மறுநாள் சோழநாட்டிலிருந்து வந்த புலவர் ஒருவர் வீரசோழியம் என்னும் இலக்கண நூலைக் கொணர்ந்து அதிலுள்ள விதியை எடுத்துக் காட்ட, ஐயம் நீங்கிற்று என்பர். கதையிலே முருகன் திருவருளுக்கும் பெரும் பங்குண்டு.

அந்த வினாவை எழுப்பிய புலவரை யான் என் மாணவர்க்கு எப்பொழுதும் புகழ்ந்தே கூறுவேன். 'பாட்டு நன்றாயில்லை' என்று அவர் கூறினாரல்லர். இன்ன செய்யுள், இன்ன சொல், இன்ன புணர்ச்சி, இதற்கு விதி எங்கே என்று இடஞ் சுட்டி வினவினார். ஆதலினன்றோ விடையும் இடஞ் சுட்டியே வந்தது! அவ் வீரசோழியம் 1881-ஆம் ஆண்டிலே நம் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளையின் முயற்சியால் அச்சேறிற்று என்பதும் நாம் பெருமையோடு நினைத்தற்குரியது.

இவ்வாறு பிறருக்கு உபதேசித்து வந்த யானே அப் புலவர் காட்டிய நெறியை மறந்து வழுக்கிய வரலாறு ஒன்றுண்டு. அது செய்யுள் பற்றியதன்று; கணினியிலே படந் தொகுக்கும் மென்பொருள் ஒன்று பற்றியது.

நான்கு காற்று

கரம்பொன் தீவகத்திலே ஊர்காவற்றுறைக்கு அணித்தாயுள்ள ஊர். தனிநாயகம் அடிகளார் 1913-ஆம் ஆண்டிலே பிறந்த மண் என்றால் வாசகர்க்கு வேறு அறிமுகம் வேண்டியதில்லை. இங்குள்ள கடற்றொழிலாளர் காற்றை வெறுங் காற்று என்று சொல்வதில்லை. வடக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வருவது வாடை. தெற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வருவது சோளகம். மேற்கிலிருந்து வருவது கச்சான். கிழக்கிலிருந்து வருவது கொண்டல். பாய்மரம் போய் இயந்திரம் வந்தபின், காற்றின் பெயரை அறிய வேண்டிய தேவை குறைந்தது. 1990-ஆம் ஆண்டிலும் அதனை அடுத்தும் தீவகம் இடம்பெயர்ந்து சிதறியபோது, அப் பெயர்களைப் பேரர்க்குச் சொல்லிக் கொடுக்கும் திண்ணைகளும் இல்லாமற் போயின. எஞ்சியிருக்கும் முதியவர்களின் வாய்ச்சொல்லை அவர்கள் இருக்கும்போதே பதிந்துவிட வேண்டும் என்று எங்கள் பாடசாலைத் தமிழ்மன்றம் கருதியது. கைத்தொலைபேசியாலே படம் பிடித்தோம். மூன்று மாத காலம் மாலை நேரங்களில் மாணவர் கரையிலே அலைந்தனர்.

பிடித்த படம் ஏழு மணி நேரத்துக்கு மேல். அதனை இருபது நிமிடமாகச் சுருக்கித் தொகுக்கும் பொறுப்பை உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி ஏற்றாள். தொகுத்தல் என்னும் சொல் நமக்குப் புதிதன்று. எட்டுத்தொகை என்றும் பத்துப்பாட்டு என்றும் வகுத்து வைத்த மரபு நம்முடையது. எதை வைப்பது, எதை விடுவது, எதன்பின் எது வருவது என்பதே அங்கும் இங்கும் வேலை. விலைக்கு விற்கும் தொகுப்பு மென்பொருள்களுக்கு மாதந்தோறும் கட்டணம் செலுத்தவேண்டும். பாடசாலையிடம் அதற்குப் பணமில்லை. அவள் கட்டற்ற மென்பொருள் ஒன்றை இறக்கிக்கொண்டாள். அதன் பெயரை ஈண்டுக் கூறேன். பின்னர் யான் பெயர் சொல்லிப் பேசப்போகும் மென்பொருள்களுள் அது ஒன்றன்று.

மண்டபத்திலே வெள்ளைத் துணி கட்டிப் படத்தைக் காட்டினோம். முதலிலே அலையோசை, பின்னர் முதியவரின் குரல், பின்னர் திரை நிறைந்த தலைப்பு. தலைப்பிலே 'கொண்டல்' என்று வரவேண்டிய இடத்தில் ககரம் முன்னே தனித்து நிற்க, அதன் பின்னே ஒற்றைக்கொம்பும் காலும் கைவிடப்பட்டவை போல நின்றன. 'சோளகம்' என்பதற்கும் அதே கதி. 'வாடை'யிலே இணைக்கொம்பு தவிக்க, கொம்பில்லாத 'கச்சான்' மாத்திரம் தப்பிற்று. மடிக்கணினியின் சிறு திரையிலே எங்கள் கண்ணுக்குத் தப்பிய வழு, துணியிலே ஆளுயரமாய் எழுந்து நின்றது. முன்வரிசையிலிருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஊருக்கே கேட்கும்படி, "என்ன பண்டிதர், உங்கடை பள்ளியிலை கொம்பை இப்ப பின்னுக்கோ போடுறது?" என்றார். மண்டபம் சிரித்தது. அந்த மாணவி தலை குனிந்திருந்ததை யான் கண்டேன்.

படம் முடிந்து யாவரும் கலைந்தபின், படத்திலே பேசிய முதியவர் ஒருவர் என்னிடம் வந்தார். வயது எண்பதைக் கடந்தவர். "எனக்கு எழுத்துத் தெரியாது மாஸ்டர், அதை நீங்கள் பாத்துக்கொள்ளுங்கோ. ஆனா கச்சான் எண்டு சொல்லேக்கை ஒரு படம் காட்டினீங்களல்லோ, அது கச்சான் இல்லை. நங்கூரம் போட்ட வள்ளம் காத்தைப் பாத்துத்தான் நிக்கும். உந்தப் படத்திலை எல்லா வள்ளத்தின்ரை அணியமும் காரைநகரைப் பாத்து நிக்குது. அது வாடை. கச்சானெண்டால் அனலைதீவைப் பாத்தெல்லோ நிக்கும்? கச்சான் வீசேக்கை ஒருக்கால் வாங்கோ, காட்டுறன்" என்றார்.

"சரியப்பு, வாறன்" என்று சொல்லி அனுப்பினேன். அவர் சொன்னதன் அருமை அன்றிரவு எனக்கு விளங்கவில்லை. என் மனம் முழுவதும் அந்தக் கொம்பிலேயே குத்துண்டு கிடந்தது.

யான் எழுதிய கடிதம்

அன்றிரவே மென்பொருளை ஆக்கியோருக்கு ஒரு கடிதம் எழுதினேன். தமிழின் தொன்மையிலே தொடங்கித் தொல்காப்பியத்தின் எழுத்ததிகாரத்தைத் தொட்டு, செம்மொழி ஒன்றை இவ்வாறு சிதைப்பது எத்துணை அவமதிப்பு என்று வினவி முடித்தேன். மறுநாள் மாணவியை அழைத்து ஆங்கிலத்திலே பெயர்க்கச் சொன்னேன். அவள் தயங்கினாள். "சேர், இப்பிடி எழுதினா அவைக்கு என்ன செய்யிறதெண்டு விளங்குமோ?" என்று கேட்டாள். "எழுது பிள்ளை" என்றேன். எழுதினாள், அனுப்பினோம். இரண்டு மாதம் கழிந்தது. மறுமொழி இல்லை. யான் மேலும் சினந்தேன்.

அவர்கள் யார் என்பதை அப்பொழுது யான் எண்ணிப் பார்க்கவில்லை. கட்டற்ற மென்பொருள் என்பது, அதன் மூலநிரலை எவரும் படிக்கவும் திருத்தவும் திருத்தியதைப் பிறர்க்கு வழங்கவும் உரிமை தரும் மென்பொருளாகும். அவ்வியக்கத்தின் தொடக்கத்திலேயே பயனர் ஒருவரின் மனக்குறை உண்டு. 1980-ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்திலே பணியாற்றிய ரிச்சர்ட் ஸ்டால்மன், அச்சுப்பொறியிலே தாள் சிக்கினால் காத்திருப்போர்க்கு அறிவிக்கும்படி அதன் நிரலைத் திருத்த விரும்பினார். பழைய பொறிக்கு அவர் அவ்வாறு செய்திருந்தார். புதிய பொறியின் மூலநிரலோ அவருக்கு மறுக்கப்பட்டது. குறை தெரிந்தும், தீர்க்கும் திறன் இருந்தும், கை கட்டப்பட்டு நின்ற அந்நிலையை அவர் மறக்கவில்லை. 1983-இலே குனு என்னும் கட்டற்ற இயங்குதள முயற்சியை அறிவித்தார்.

படந் தொகுக்கும் துறையிலும் அந்நெறி வளர்ந்தது. கேடென்லைவ் என்னும் மென்பொருளை 2002-இலே ஜேசன் வுட் என்பவர் தொடங்கினார். பின்னர் அது வேறு கைகளுக்கு மாறி, கே.டி.இ. என்னும் உலகளாவிய தொண்டர் குழாத்தின் நிழலிலே வளர்ந்தது. 2008-இலே ஜொனதன் தொமஸ் தொடங்கியது ஓப்பன்ஷாட். ஷாட்கட் என்பதும் இவ்வகையதே. இவற்றை ஆக்குவோர் பெரும்பாலும் விரல்விட்டு எண்ணத்தக்க சிலர். அவருட் பலர் வேறு தொழில் செய்து, எஞ்சிய நேரத்திலே இதனைச் செய்வோர். அவர்முன் குவியும் குறைகளோ ஆயிரக்கணக்கின. 'ஒலியும் படமும் பொருந்தவில்லை' என்பார் ஒருவர்; 'திடீரென்று நின்றுவிட்டது' என்பார் மற்றொருவர்; 'இது இருந்தால் நன்று' என்பார் பலர். அக்குவியலின் நடுவே தமிழின் தொன்மை பற்றிய என் சொற்பெருக்கைக் கண்டவர் என்ன செய்திருப்பார்? யானே அவரிடத்திலிருந்தால் என்ன செய்திருப்பேன்?

பத்துக் குற்றம்

கச்சான் காற்று வீசத் தொடங்கியதும் முதியவர் ஆளனுப்பினார். மாணவரோடு கரைக்குச் சென்றேன். நங்கூரமிட்ட வள்ளங்கள் யாவும் மேற்கே அனலைதீவை நோக்கி அணிவகுத்து நின்றன. மாணவர் படம் பிடித்தனர். அவர் கூறியதை அப்பொழுதுதான் ஒவ்வொரு சொல்லாக நினைத்துப் பார்த்தேன். எந்த இடத்திலே பிழை என்றார். என்ன காட்டப்பட்டது, என்ன காட்டப்பட்டிருக்க வேண்டும் என்றார். பிழையென்று எவ்வாறு அறிந்தார் என்பதையும் சொன்னார். திருத்தற்கு வழியும் சொல்லி, தாமே உடன் வரவும் ஒருப்பட்டார். இவ்வளவையும் நாலைந்து வாக்கியத்திலே, எவர் மனமும் நோகாமற் சொன்னார். எழுத்தறியாத அவர் செய்ததைப் பண்டிதனாகிய யான் செய்யவில்லை.

வீடு திரும்பும் வழியிலே மாணவியிடம், "பிள்ளை, உன்ரை முறையிலை ஒருக்கால் எழுதிப் பார்ப்பமோ?" என்றேன். அவள் முன்னமே அம்முறையை அறிந்து வைத்திருந்தாள். பிழையறிக்கை எழுதுவோர் கூற வேண்டியவை மூன்று: யாம் செய்தது என்ன, எதிர்பார்த்தது என்ன, நிகழ்ந்தது என்ன. இவற்றோடு மென்பொருளின் எத்தனையாம் வெளியீடு, கணினியின் இயங்குதளம் எது, எழுத்துரு எது என்பனவும், பிழையை மாத்திரம் காட்டும் மிகச் சிறிய எடுத்துக்காட்டு ஒன்றும் வேண்டும். முடிந்தால் அதே பிழையை முன்னர் வேறொருவர் கூறியுள்ளாரா என்றும் தேடிப் பார்த்தல் வேண்டும்.

நன்னூலார் நூலுக்குரிய குற்றம் பத்து என்று வகுத்தாரன்றோ! என் முதற் கடிதத்தை எடுத்து அப் பத்தோடும் ஒப்பிட்டேன். வெளியீட்டெண்ணும் எழுத்துருவும் கூறாது விட்டமை குன்றக் கூறல். அவமதிப்பு என்றமை மிகைபடக் கூறல். தொல்காப்பியம் பேசியமை மற்றொன்று விரித்தல். விடை வராமை நின்று பயனின்மை. மாணவர் கட்டுரைகளிலே முப்பது ஆண்டுகளாகச் செந்நிற மையாற் கோடிட்ட குற்றங்கள் யாவும் என் ஒரு கடிதத்துள் அடங்கியிருந்தன.

புதிய அறிக்கை பன்னிரண்டு வரி. அதனோடு 'கொண்டல்' என்னும் ஒரு சொல் மாத்திரம் உள்ள ஐந்து விநாடிப் படத்தையும், அச்சொல் இருக்க வேண்டிய வடிவத்தையும் இணைத்தோம்.

கொம்பு ஏன் பின்னே போயிற்று?

ஒரு கிழமைக்குள் மறுமொழி வந்தது. எழுதியவர் எந்நாட்டவர் என்று தெரியாது; தமிழறியாதவர் என்பது மாத்திரம் தெளிவு. வேறு எழுத்துருவிலும் இவ்வாறு நிகழ்கிறதா என்று வினவியிருந்தார். நிகழ்கிறது என்றோம். சில நாளிலே காரணத்தைக் கண்டுபிடித்து எழுதினார்.

அக்காரணம் தமிழாசிரியர் அறிதற்குரியது. அச்சுக்கோப்பவர் 'கொ' என்பதைக் கோக்கும்போது முதலிலே கொம்பை எடுப்பார், பின்பு ககரம், பின்பு கால். கையால் எழுதுவோரும் அம்முறையே எழுதுவர். ஆனால் 1991-இலே வெளிவந்த ஒருங்குறி என்னும் உலகப் பொது எழுத்துக் குறிமுறை, தமிழைக் கண்ணின் முறைப்படி வைக்காமல் செவியின் முறைப்படி வைத்தது. முதலில் மெய்யின் இடம், அதன்பின் உயிரின் குறி. இது நம் இலக்கணத்துக்கும் ஒத்ததே. உயிர்மெய்யிலே மெய் முன்னும் உயிர் பின்னும் ஒலிக்கும் என்றுதானே கற்பிக்கின்றோம்! எனவே கணினியின் நினைவிலே கொம்பு பின்னேதான் இருக்கிறது. திரையிலே எழுதும்போது அதனை முன்னே கொணர்ந்து வைக்க இடையிலே ஓர் அச்சுக்கோப்பாளர் வேண்டும். ஹார்ஃப்பஸ் என்னும் கட்டற்ற நிரலே அத்தொழிலை இன்று பெரும்பாலான உலாவிகளிலும் கைத்தொலைபேசிகளிலும் செய்கின்றது. அப்பெயர் பாரசீக மொழியிலே 'திறந்த எழுத்து' எனப் பொருள்படும். நாம் பயன்படுத்திய மென்பொருளிலே மற்றைப் பகுதிகள் எல்லாம் அந்த அச்சுக்கோப்பாளரிடம் எழுத்தை ஒப்படைத்தன; தலைப்பு எழுதும் பகுதி மாத்திரம் குறிகளை ஒவ்வொன்றாகத் தானே திரையில் ஒட்டியது. ஆங்கில எழுத்துக்கு அதனாற் கேடில்லை. ஆதலின் ஆக்கியோர் எவர் கண்ணுக்கும் அது படவில்லை. தமிழ் எழுதுபவன் ஒருவன் சொன்னாலன்றி அவர்கள் அதனை அறிதற்கு வழியே இல்லை.

மறுமொழியின் இறுதியிலே வேறொரு குறிப்பும் இருந்தது. இதே குறையைச் சிங்களத்தில் தலைப்பு எழுதிய ஒருவர் முன்னமே தெரிவித்திருந்தாராம். அவரும் போதிய விவரம் கொடாமையின் அது கிடப்பிலே கிடந்ததாம். இப்பொழுது இரண்டையும் ஒன்றாக இணைத்துவிட்டதாக எழுதியிருந்தார். சிங்கள எழுத்திலும் எகரக்குறி மெய்க்கு முன்னேதான் நிற்கும். அவர்கள் அதனைக் 'கொம்புவ' என்றே வழங்குவர். என் தமிழுக்கு மாத்திரம் நேர்ந்த அவமதிப்பென்று யான் சினந்திருந்த அதே வேளையில், இத்தீவின் வேறோர் ஊரிலோ வேறெங்கோ இருந்து ஒருவர் தம் மொழிக்கு நேர்ந்ததென்று வருந்தியிருக்கிறார். இருவர் கொம்பும் ஒரே வரியாலே தடுமாறி, ஒரே திருத்தத்தாலே நிமிர்ந்தன. அவர் யாரென்று எனக்குத் தெரியாது. அறிக்கையின் கீழே அவர் 'நன்றி' என்று ஒரு சொல் எழுதியிருந்தார், யானும் எழுதினேன்.

நான்கு மாதத்தின் பின் புதிய வெளியீடு வந்தது. கொம்பு தன் இடத்துக்கு வந்துவிட்டது.

பயனர் கொடுக்கத்தக்கவை

பிழை காட்டல் பயனர் செய்யும் உதவிகளுள் ஒன்றே. வேறும் உள. கேடென்லைவ் ஆக்கியோர் அதன் காலக்கோட்டுப் பகுதியைப் புதிதாக எழுதி 2019-இலே வெளியிட்டனர். ஒரு தொகுப்பினுள்ளே மற்றொரு தொகுப்பை வைத்துக்கொள்ளும் வசதி உள்ளிட்ட சிலவற்றை ஆக்குதற்கென 2022-இலே பயனரிடம் நன்கொடை கேட்டனர். அவ்வசதி 2023-இலே வந்தது. இதுவும் நமக்குப் புதிதன்று. உ. வே. சாமிநாதையர் 1887-இலே சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, முன்னரே கையொப்பமிட்டவர்களின் பணத்தாலன்றோ அச்சுக்கூலி கொடுத்தார்! பிளெண்டர் என்னும் மென்பொருளோ, 2002-இலே உலகெங்குமுள்ள பயனர் ஏழு கிழமைக்குள் ஒரு லட்சம் யூரோ திரட்டிக் கொடுத்தமையாலேயே கட்டற்றதாயிற்று.

பணம் இல்லாதார் மொழியைக் கொடுக்கலாம். பட்டியலிலும் பொத்தானிலும் உள்ள சொற்களைத் தமிழாக்குவோர் எந்த மென்பொருளுக்கும் வேண்டும். 'வெட்டு', 'ஒட்டு', 'தொகு' என்பன எளியவை. மற்றவற்றுக்குக் கடற்றொழிலாளரிடமும் தச்சரிடமும் கேட்டால் நல்ல சொல் கிடைக்கும் என்பது என் துணிபு. தமிழ் விக்கிப்பீடியா 2003-இலே தொடங்கியதும், நூலகம் என்னும் எண்ணிம நூலகம் 2005-இலே தொடங்கியதும், இத்தகைய தன்னார்வலர் கைகளாலேயே. நூலகத் தளத்திலே இன்று யாழ்ப்பாணத்துப் பழைய நூல் ஒன்றைப் படிக்கும்போது, 1981-இலே எரிந்த பொதுநூலகத்தை நினையாதார் யார்? தளத்தைத் தாங்கும் மென்பொருளும் கட்டற்றதே.

நாமோ பயன்கொள்ளுதலோடு நின்றுவிடுகின்றோம். பிழை கண்டால் பக்கத்திலிருப்பவரிடம் சொல்லிச் சிரிப்போம். அல்லது யான் செய்ததுபோலச் சினந்து எழுதுவோம். தனிநாயகம் அடிகளார் 1952-இலே ஆங்கிலத்தில் 'தமிழ்க் கல்ச்சர்' என்னும் இதழைத் தொடங்கியது எதற்கு? தமிழறியாதார்க்குத் தமிழின் செய்தியை அவர்க்கு விளங்கும் மொழியில், சான்றோடு சொல்லுதற்கே. அவர் ஊரிலிருந்து எழுதும் யான் அந்நெறியைப் பதினேழு வயது மாணவியிடம் கற்கவேண்டியதாயிற்று.

அவள் இப்பொழுது இரண்டாவது அறிக்கை ஒன்றை எழுதியிருக்கிறாள். தலைப்பை எழுத்தெழுத்தாகத் தோன்றச் செய்யும் வசதி அம்மென்பொருளிலே உண்டு. அதிலே 'கொ' முதலிற் 'க' எனத் தோன்றி, அடுத்த நொடியிலே 'கொ' ஆகின்றது. கணினி அதனை இரண்டாக எண்ணுகின்றது. நம் இலக்கணமோ உயிர்மெய்யை ஓரெழுத்தாகக் கொள்ளும். எழுத்து என்பது எது என்னும் வினா மறுபடியும் எழுந்திருக்கிறது. விடை இன்னும் வரவில்லை. முன்போல் யான் சினக்கவில்லை.

திருத்திய படத்தைச் சென்ற மாதம் மறுபடியும் காட்டினோம். பழைய நூல்களின் கடைசித் தாளிலே உள்ளதுபோல, படத்தின் முடிவிலும் 'பிழைதிருத்தம்' என்று ஒரு தலைப்பு வைத்தோம். கச்சான் என முன்னர்க் காட்டிய காட்சி வாடையினது என்பதும், அதனை எடுத்துக் காட்டியவர் இன்னார் என்பதும் அதிலே உண்டு. முதியவரின் பேர்த்தி அதனை அவருக்கு வாசித்துக் காட்டினாள். அவர் கேட்டுவிட்டு, "வள்ளம் இப்ப சரியாத்தான் நிக்குது" என்றார்.